உயிரோடு இருந்தவருக்கு அடித்த துக்கமணி

எங்கள் ஆறுதல்புரத்தில் கோயில்குட்டி வேலை ஊருக்கே வேண்டிய வேலை. ஆனால் அதைத் தன் மகனுக்குக் கொடுங்கள் என்று யாரும் சபைக் குருவான ஐயரிடம் போய் நின்றதில்லை. கோயிலைப் பெருக்க வேண்டும், விளக்குகளைத் துடைக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், ஊரில் ஒருவர் போய்விட்டால் கல்லறைத் தோட்டத்தில் குழியும் தோண்ட வேண்டும். பாளையங்கோட்டை மிஷன் காலத்தில் உண்டான ஊர் இது. பெயர் வைத்த வெள்ளைக்காரப் பாதிரியார் நல்ல மனுஷர்தான். எங்கள் ஜனங்களோடு ஒரு மாசம் சேர்ந்து குடியிருந்திருந்தால் ஆறுதல்புரம் என்று வைத்திருக்க மாட்டார்.

அந்த வேலையைப் பார்த்துவந்தவர் நேசையா. சின்ன உருவம், சத்தமில்லாத பேச்சு, வாய்க்கால் கடைமடையில் ஒரு துண்டு வயல். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவரில்லை. அப்படிப்பட்டவர்களைப் பார்த்து 'பாவம், சாது' என்று சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம். உள்ளே என்ன கொதிக்கிறது என்று அடுப்பைத் திறந்து பார்க்க நமக்கு நேரமில்லை. இங்கே நான் எழுதுகிறதெல்லாம் அவரே பிற்காலத்தில் வாய்விட்டுச் சொன்னதுதான். நானாகக் கட்டியது ஒன்றுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம் கோயில் பண்டிகையில் அசனம் நடந்தது. ஊர் முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பொதுச் சாப்பாட்டைத்தான் அசனம் என்கிறோம். அதில் பரிமாறுவது லேசான காரியமில்லை. துண்டை இடுப்பில் வரிந்துகட்டி, குழம்பு வாளியோடு பந்திக்குள் இறங்குகிறவனை ஊர் ஒரு ஆளாக எண்ணுகிறது என்று அர்த்தம். நேசையாவுக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக உண்டு. ஆசை உண்டு என்பது அவர் பெண்டாட்டி சாரம்மாளுக்கே தெரியாது. அந்த வருஷம் கூட்டம் அதிகம், கை குறைவு. யாரோ அவசரத்தில் அவர் கையில் வாளியைத் திணித்துவிட்டார்கள். மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

சில இலைகள் தாண்டி பாக்கியசீலனின் இலை வந்தது. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் நல்ல வயல் வைத்திருந்தவர், சபைக் கமிட்டியில் பெரிய குரல். வேடிக்கையாகப் பேசிச் சிரிக்க வைப்பதில் மன்னன். நேசையா அகப்பையைச் சாய்க்கப் போனார். பாக்கியசீலன் இலைமேல் கையைக் குடைபோல் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"குழி தோண்டுத கையாலே குழம்பு ஊத்தாதேயும் வே!"

பந்தி வெடித்துச் சிரித்தது. எதுகை மோனையோடு வந்து விழுந்த வார்த்தை இல்லையா, கடைசிப் பந்தி வரைக்கும் கைமாறிப் போயிற்று. சொன்னவர் அடுத்த நிமிஷமே அப்பளம் கேட்டார். யாரோ ஒருவர் நேசையாவின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். வாங்கினவருக்குக் கெட்ட எண்ணமில்லை, குழம்பு ஆறுகிறதே என்று வாங்கினார்.

அவ்வளவுதான் நடந்தது. அடித்தாரா, இல்லை. சொத்தைப் பிடுங்கினாரா, இல்லை. ஆனால் அன்றிலிருந்து நேசையாவுக்குச் சோற்றில் கை வைக்கும்போது ஒருகணம் கையைப் பார்க்காமல் சாப்பிட முடியவில்லை. கோயிலைப் பெருக்குகிறபோதெல்லாம் மனசுக்குள் பாக்கியசீலனை நிறுத்தி வைத்து வழக்கு நடத்துவார். அந்தக் கோர்ட்டில் எதிராளிக்கு வாய் கிடையாது, அதனால் எப்போதும் இவருக்கே ஜெயம். ஜெயித்து முடித்துப் பார்த்தால் அதே தூணைச் சுற்றியே பெருக்கிக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி வந்தது. தாமிரபரணித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஐயருக்கு அடுத்தபடி சபையைக் கவனிக்கிற உபதேசியார் கிருபைராஜ் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். ஆற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் ருசி போயிருமே என்றார்கள் எங்கள் ஆட்கள். அப்புறம் என்ன, பாக்கியசீலன் வீட்டுக்குள்ளும் நோய் நுழைந்தது. ஒரே நாளில் ஆள் வாடிப்போனார். உபதேசியார் மருந்து வாங்கப் பாளையங்கோட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்குச் சற்று முந்தி நேசையா கோயில் நடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பாக்கியசீலன் வீட்டிலிருந்து அவர் மனைவி இன்பமணி "ஐயோ, போயிட்டீங்களே" என்று அலறுகிற சத்தம் கேட்டது. ஊர் முறை என்னவென்றால், கோயில்குட்டி நேரே போய்ப் பார்க்க வேண்டும், உபதேசியாரோ ஒரு சபை மூப்பரோ சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் துக்கமணி. நேசையாவுக்கு இது தெரியாததில்லை. துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். துக்க வீட்டுக்கு ஓடவில்லை, மணிக்கூண்டுக்கு ஓடினார்.

கயிற்றைப் பிடித்ததும் உடம்பெல்லாம் ஒரு லேசு வந்தது என்று அவரே சொன்னார். பாரம் சுமந்து வந்தவன் சந்தையில் மூட்டையை இறக்குகிறபோது வருமே, அந்த லேசு. இழுத்தார், இழுத்தார், மூச்சு வாங்க இழுத்தார். ஊர் ஜனம் வயலைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. பெட்டி செய்கிற ஆசாரி பூதத்தான் நூலும் கையுமாக அளவெடுக்கவே கிளம்பிவிட்டார். அதற்குள் தெருவில் ஒருவர் தலைதெறிக்க ஓடிவந்து கூண்டுக்குக் கீழே நின்று கத்தினார்.

"நிறுத்தும் வே! ஆளு கண்ணு முழிச்சிட்டாரு! தண்ணி கேக்குதாரு!"

நேசையாவின் மனசில் முதலில் வந்தது 'ஐயோ' என்ற ஒன்று. பயத்தால் வந்த ஐயோ இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஐயோ. அது வந்து போனதற்குப் பிறகுதான் கயிற்றைக் கைவிட்டார். ஒரு மனுஷன் பிழைத்துவிட்டான் என்று கேட்டு, நான் ஐயோ என்று நினைத்தேனே, நான் யார் என்று அவருக்கே தெரியவில்லை. கயிறு ஆடிக்கொண்டே இருந்தது, அதைப் பார்க்கப் பயந்து கூண்டைவிட்டு இறங்கிவிட்டார்.

வேலை போகும் என்று நினைத்தார். ஐயர் கூப்பிட்டுக் கேட்பார், ஊர் காறித் துப்பும் என்று காத்திருந்தார். அதுவே நடந்திருந்தால் அவருக்கு நல்லதாய் இருந்திருக்கும். நடந்தது வேறு. உடம்பு தேறிய பாக்கியசீலன், ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கக் கோயிலுக்கு வந்தார். ஆராதனை முடிவில் எழுந்து நின்று, எல்லாரும் கேட்க ஒரு சாட்சி சொன்னார்.

"நான் எங்கயோ இருட்டுக்குள்ள போயிக்கிட்டிருந்தேன். அப்ப நம்ம கோயில் மணிச் சத்தம் கேட்டுது. அடடா, ஆராதனைக்கு நேரமாச்சே, திரும்பிப் போவணும்னு நெனச்சேன். திரும்பினேன். கண்ணு முழிச்சிட்டேன். நேசையா மட்டும் அந்த நேரத்துல மணி அடிக்காம இருந்தா நான் இங்கன நிக்க மாட்டேன்."

கோயில் முழுக்க அல்லேலூயா. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நேசையா வாசல் பக்கம் நின்றவர், திரும்பிப் பார்த்த அத்தனை முகத்தையும் தாங்க முடியாமல் விளக்குத் திரியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அது பகல் ஆராதனை, விளக்கு எரியவே இல்லை.

அந்த வருஷ அசனத்தில் பாக்கியசீலன் தானே குழம்பு வாளியை எடுத்துவந்து நேசையாவின் கையில் கொடுத்தார். "மொத அகப்பை நேசையாதான்" என்றார். இவர் எதற்கு ஏங்கினாரோ அது ஊரறிய, மரியாதையோடு, கேட்காமலே வந்தது. ஊற்றினார். இலையைவிட்டு நிமிரவில்லை. அடக்கத்தில் நிமிரவில்லை என்றார்கள் பந்தியில். அன்று அவர் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் யாரும் சொல்வதில்லை. முதலில் சாரம்மாளிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"சாவட்டும்னு நெனச்சு அடிச்சீங்க, சரி. ஆளு செத்தாரா?"

"இல்லை."

"பொறவு என்ன? யாரும் அறியாம போயிட்டு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. இப்பத்தான் நாலு பேரு நம்மள மதிச்சு விருந்துக்குக் கூப்பிடுதாவ."

அடுத்து ஐயரிடம் போனார். ஐயர் பொறுமையாகக் கேட்டார், நல்ல மனசோடுதான் கேட்டார். "கர்த்தர் உம் கையை உபயோகித்துக்கொண்டார் நேசையா. உம் நினைவு எப்படி இருந்தாலும் காரியம் நன்மையாக முடிந்ததே. சமாதானமாய்ப் போம்" என்றார். சமாதானம் சொல்லுகிறவர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது. ஞாயிறுதோறும் சபையார் எல்லாரும் சேர்ந்து, நாங்கள் பாவிகள் என்று அறிக்கை செய்வது உண்டு. கூட்டத்தோடு சொல்லும்போது யாருக்கும் கூசாது. 'பாக்கியசீலன் சாக வேண்டும் என்று சந்தோஷமாக மணி அடித்தேன்' என்று தனியாகச் சொல்ல அதில் இடமில்லை.

இதற்குள் இன்னொரு வினை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் வந்து கூண்டுக்குக் கீழே நிற்க ஆரம்பித்தார்கள். "ஒரு அடி அடியும் அண்ணே, பிள்ளை பிழைச்சிரும்." செத்தவரை எழுப்பின கை என்று பேர் வந்துவிட்டது. குழி தோண்டுகிற கை என்ற பேரோடாவது அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கடைசியில் சொல்ல வேண்டிய ஆளிடமே சொல்லிவிடுவது என்று துணிந்தார். பாக்கியசீலன் வாய்க்கால் கரையில் மடை பார்த்துக்கொண்டு நின்றார். நேசையா பக்கத்தில் போய் நின்று, எச்சிலை விழுங்கி விழுங்கி, நீங்கள் செத்தீர்கள் என்று நினைத்து அடித்தேன் என்று ஆரம்பித்தார். பாக்கியசீலன் திரும்பாமலே சொன்னார்.

"தெரியும் வே. சந்தோசமா அடிச்சீரு."

நேசையாவுக்குக் காலுக்குக் கீழே கரை இருக்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது.

"கண்ணுதான் மூடிக் கெடந்தது, காது தொறந்துதான் இருந்தது. துக்கமணின்னா ஒரு அடி ஓஞ்ச பொறவுதான் மறு அடி. நீரு அடிச்சது கல்யாண மணில்லா. ஊருக்காரன் பதட்டத்துல அடிக்கீருன்னு நெனச்சிருப்பான். என் சாவுக்கு ஒருத்தன் இம்புட்டு சந்தோசப்படுதானேன்னு கெடந்து நெனச்சேன். அந்த ரோசத்துலதான் கண்ணைத் தொறந்தேன்."

"பொறவு ஏன் அண்ணாச்சி கோயில்ல அப்பிடிச் சொன்னீங்க?"

"உம்மைக் காப்பாத்தன்னு நெனைக்காதேயும். உள்ளதைச் சொன்னா, ஊருக்காரன் என்ன கேப்பான்? 'நேசையா மாதிரி ஒரு சாது மனுசன் இவனைச் சாவணும்னு நெனச்சிருக்கானே, இவன் அவருக்கு என்ன செஞ்சிருப்பான்'ன்னுதான கேப்பான். எனக்குப் பதில் தெரியலை. இன்னைக்கு வரைக்கும் தெரியலை." அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "நான் என்ன வே செஞ்சேன் உமக்கு?"

நேசையா வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வெளியே எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. ஒரு அகப்பைக் குழம்பு, ஒரு வேடிக்கைப் பேச்சு. இதற்காகவா ஒரு மனுஷன் சாக வேண்டும் என்று நினைத்தீர் என்று அவர் கேட்டால்? 

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி" என்றார்.

பாக்கியசீலன் அதை நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் யோசிக்க ஆரம்பித்தார். கோயில் வாசலில், களத்து மேட்டில், தச்சநல்லூர்ச் சந்தைக்குப் போகிற வண்டியில், நேசையாவைக் கண்ட இடத்தில் பைய ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார்.

"தண்ணி தட்டுப்பாடு வந்த வருசம் ராத்திரியோட ராத்திரியா உம்ம வயலு மடையை என் பக்கம் திருப்பினேனே, அதா வே? அதுதான்னா மன்னிச்சிரும்."

நேசையாவுக்கு அந்தச் சங்கதியே அன்றுதான் தெரியும். நண்டு வளை வழியாகத் தண்ணீர் போயிற்று என்று நினைத்து அந்த வருஷம் முழுக்க வரப்பை மிதித்துக்கொண்டிருந்தவர் அவர். "அதில்லை அண்ணாச்சி" என்றார்.

"அப்ப உம்ம தம்பிக்கு உபதேசியார் வேலை குடுக்கலாமான்னு ஐயர் கேட்டப்ப, அவன் சரிப்பட மாட்டான்னு சொன்னது நான்தான். அதுதானா?"

அதுவும் இவருக்குத் தெரியாது. தம்பி வேலை கிடைக்காமல் கொழும்புக்குக் கப்பலேறிப் போனவன். அவன் முகம் நேசையாவின் கண்முன் வந்து போயிற்று. ஆனாலும் கோபம் வரவில்லை. எனக்கு இந்த இடம்தான் இந்தக் கதையிலேயே பெரிய ஆச்சரியம். பயிர் காய்ந்தது நிஜமான அநியாயம், தம்பி ஊரைவிட்டுப் போனது நிஜமான நஷ்டம். அதையெல்லாம் கேட்டு இவருக்கு வருத்தம்தான் வந்தது. குழம்பு வாளி நினைப்பு வந்தால் மட்டும் காது மடல் சுட்டது. மனுஷ மனசுக்கு எது கனக்கும் எது கனக்காது என்று எந்தத் தராசில் நிறுப்பது?

இப்படியே வருஷங்கள் ஓடின. பாக்கியசீலன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார். நேசையா "அதில்லை" என்றார். கேட்கிறவருக்காவது ஒவ்வொன்றாய்ப் பாரம் குறைந்தது. இவருக்குக் கூடியது. தான் செய்ததற்கு மேல், சொல்லாமல் ஒரு நல்ல மனுஷனை அலைக்கழிக்கிறோமே என்ற பாவமும் சேர்ந்துகொண்டது. ஆம், அந்த அலைச்சலில் பாக்கியசீலன் நல்ல மனுஷராகவே ஆகிவிட்டிருந்தார். மடைத் தண்ணீரை முதலில் நேசையா வயலுக்கு விட்டுவிட்டுத்தான் தன் வயலுக்கு வாங்கினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம் பாக்கியசீலனுக்குக் கால் வீங்கிற்று, மூச்சு வாங்கிற்று. பாளையங்கோட்டை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் சாயங்காலம் நேசையா போனார். இன்பமணி அவரைக் கட்டில் அருகே முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே கஞ்சி காய்ச்சப் போனாள்.

"வந்தீரா?" என்றார் பாக்கியசீலன். "இன்னைக்காவது சொல்லிரும் வே. தெரியாம போனா அங்கன போயி நான் எதைச் சொல்லி மன்னிப்புக் கேக்க?"

நேசையா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்து வருஷமாகத் தனக்குள்ளே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததை, முதல்தடவையாக வெளியே சொன்னார்.

"ஒரு அசனத்துல, 'குழி தோண்டுத கையாலே குழம்பு ஊத்தாதேயும்'னு சொன்னீங்க."

பாக்கியசீலன் முழித்தார். யாருடையதோ ஒரு பேச்சைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு மெதுவாக உதட்டோரம் துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வார்த்தை அப்படி, சொன்னவருக்கே புதுசாகக் கேட்டது. மூச்சு வாங்க, இருமிக்கொண்டே சிரித்தார். அதைப் பார்த்து நேசையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாக்கியசீலன் சிரிப்பை நிறுத்தினார். "நீரு ஏன் வே சிரிக்கீரு?"

"அன்னைக்கும் சிரிச்சேன் அண்ணாச்சி."

"எப்ப?"

"நீங்க சொன்ன ஒடனே. பந்தியிலே மொதல்ல சிரிச்சது நான்தான். ஏசணும்னுதான் வாயைத் தொறந்தேன், சிரிப்புதான் வந்தது. நானே சிரிச்ச பொறவு மத்தவங்க சிரிக்கதுக்கு என்ன? உங்களை வெறுத்தேன்னுதான் நெனச்சேன். ஆனா என்னோட அந்தச் சிரிப்பைத்தான் என்னால மன்னிக்க முடியலை. அதுக்கு நீங்க சாவணும்னு நெனச்சேன்."

பாக்கியசீலன் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக இறங்கியது. துடைப்பதற்கு நேசையா கையை நீட்டினார். பாதியில் நின்றுவிட்டது கை. பாக்கியசீலன் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைத் தேடிப் பிடித்து, இழுத்துத் தன் முகத்தின்மேல் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். உபதேசியார் கிருபைராஜ் நேரில் போய்ப் பார்த்து, மூப்பர்களும் பார்த்து, முறைப்படி எல்லாம் ஆன பிறகு மணிக்கூண்டுக்கு வந்தார். நேசையா கயிற்றைவிட்டுத் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தார்.

"அழுதது போதும், மணியை அடியும்" என்றார் உபதேசியார். "உம்மைவிட அவருக்கு வேண்டியவன் இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"நீங்களே அடிங்க ஐயா" என்றார் நேசையா. "இந்தக் கை உள்ளுக்குள்ள என்ன நெனைக்கும்னு எனக்கே தெரியாது."